வஜ்ஜிரம் சொன்னபடி கேட்கவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய ஈட்டி மர அலமாரி, ஆட ஆரம்பித்த நாற்காலி, சர்ச்சில் மூலையில் கிடக்கிற ஆர்மோனியம், இப்படி எதையாவது பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக, நகம் பட்டாலே சில்லுசில்லாக உடைகிற ஒரு பசை இருக்கும். மாட்டுத்தோல், எலும்பு இதிலிருந்தெல்லாம் எடுக்கிற வஜ்ஜிரம்தான் அது. அதே பசையைக் காய்ச்சி அதே சாமானை ஒட்டலாம் என்று இறங்கி, பாதி வழியில் 'இது பிடிக்கவே மாட்டேங்குது' என்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959ல். அதற்குப் பிறகும் ரொம்ப காலம் நம்ம குமரி மாவட்டத்துப் பட்டறைகளில் வஜ்ஜிரம் காய்ந்துகொண்டுதான் இருந்தது. தக்கலைப் பக்கம் நான் வேலை பழகின பட்டறையில் கல்லடுப்பு ஒன்று, அதில் சிரட்டையும் இழைப்புச் சுருளும் எரியும், மேலே தண்ணீர் வைத்த இரும்புச் சட்டி, அதற்குள் பசை டப்பா. அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்வது புதிதாக வந்த பையனின் வேலை. அப்போது அது தண்டனை மாதிரி தெரிந்தது, ஆனால் இந்தப் பசையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்த அடுப்பங்கரையில்தான் இருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வஜ்ஜிரம் பற்றிப் புத்தகங்களில் இருக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குத் தலைவலி, பசை தடவி முடிப்பதற்குள் உறைந்துவிடுவது. நமக்கு அப்படியில்லை. சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்கு நாகர்கோவிலில் பசை உறையவே யோசிக்கும், மறுநாள் காலையில் ஊசிப்போயிருக்கும். அதனால் அங்கே சொல்லும் மருந்தை இங்கே அப்படியே போட்டால் நோய் கூடிவிடும். கோளாறு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது: சூடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, வெளியே காற்றும் ஈரமும் எப்படி. பத்தில் எட்டு கோளாறு இதற்குள் அடங்கிவிடும்.

சரியாக இருந்தால் எப்படி இருக்கும்

இது தெரியாமல் கோளாறு தேட முடியாது. உலர்ந்த வஜ்ஜிரம் பாளமாகவோ குருணையாகவோ பொடியாகவோ கிடைக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும். குருணைக்கு ஒரு மணி நேரம் தாராளம், பாளத்தை முதல் நாள் ராத்திரியே உடைத்துப் போட்டுவிடுங்கள். எடைக்கு ஒரு பங்கு பசை, இரண்டு பங்கு தண்ணீர் என்று தொடங்கி, அப்புறம் கையால் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஊறினது வீங்கி, அமுக்கினால் நடுவில் கட்டி தட்டாமல் முழுக்க வழுவழுவென்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சூடு. அதுவும் நேரடியாக அடுப்பில் இல்லை, வெந்நீருக்குள் இறக்கி வைத்துத்தான். பசையின் சூடு 60 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் போதும், 70ஐத் தாண்ட விடாதீர்கள்.

பட்டறையில் பாட்டா என்று எல்லோரும் கூப்பிடுகிற மூத்தாசாரிக்குத் தெர்மாமீட்டர் எல்லாம் தெரியாது. குச்சியை முக்கித் தூக்குவார். பசை குச்சியிலிருந்து விட்டுவிட்டுச் சொட்டினால் தண்ணீர் அதிகம், கொத்தாக விழுந்தால் குறைவு, அறாமல் ஒரே இழையாக இறங்கினால் சரி. அப்புறம் ஒரு சொட்டை ஆள்காட்டி விரலில் எடுத்து, பெருவிரலால் தட்டித் தட்டி எடுப்பார். ஏழெட்டு தட்டலில் பசை இழுபட ஆரம்பித்து, இரண்டு விரலுக்கும் நடுவே மெல்லிசாக நூல் நூலாக எழும்பும். அந்த நூல் வெளிச்சத்தில் தெரிந்தால் தலையை ஆட்டுவார், வேலை தொடங்கும். தெரியாவிட்டால் பையனுக்குத் திட்டு விழும் (வெள்ளம் என்றால் தண்ணீர்): “லேய் மக்கா, வெள்ளம் கொதிக்கட்டு, வஜ்ஜிரம் கொதிக்கப்பிடாது, எத்தன தடவ சொல்லுகது?”

இப்போது அதற்குச் சிரட்டை அடுப்பு தேவையில்லை. பியூட்டி பார்லரில் மெழுகு உருக்க வைத்திருக்கும் சின்ன மின்பாத்திரம் நன்றாக உதவும், சூட்டைக் குறைக்கக் கூட்ட ஒரு திருகு இருக்கும். குழந்தைக்குப் பால் சூடாக்குகிற சாதனமும் ஆகும். இரண்டிலும் ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்து 60 எங்கே வருகிறது என்று பார்த்துத் திருகில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஊறிய பிறகும் கட்டிகட்டியாக நிற்கிறது

வெந்நீரில் ஊற வைத்திருப்பீர்கள். வெந்நீர் பட்டதும் குருணையின் மேல்தோல் மட்டும் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது. அதைக் கரைக்கிறேன் என்று சூட்டைக் கூட்டினால் வெளியே இருப்பது வெந்து கெடும். எடுத்துக் குளிர வைத்து, இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விடுங்கள். அவ்வளவுதான். கரைந்த பிறகும் தூசும் தும்பும் மிதந்தால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். நுரை கட்டியிருந்தால் ஓரமாக வழித்து எடுங்கள், கிளறுவதையும் நிறுத்துங்கள். நுரையோடு தடவினால் இணைப்புக்குள் காற்றுப் புள்ளிகள் நிற்கும்.

நாற்றம் தாங்க முடியவில்லை

நல்ல வஜ்ஜிரத்துக்கும் ஒரு வாடை உண்டு, மாட்டுத்தொழுவம், ஈரத்தோல் பக்கம் போன நினைவு வரும். அது கோளாறு இல்லை. மூக்கைப் பொத்த வைக்கிற அழுகல் நாற்றம் வந்தால் ஊசிப்போச்சு என்று அர்த்தம். இது வெறும் புரதம். தண்ணீரும் வெதுவெதுப்பும் கிடைத்தால் நம்ம ஊரில் ஒரு நாள் தாண்டாது, ஆனி ஆடிச் சாரலில் அதுகூட இல்லை. ஊசினது பிடிக்காது. சூடாக்கினால் நாற்றம் கொஞ்சம் அடங்கும், அதை நம்பி ஒட்டாதீர்கள்.

தடுக்க வேண்டுமென்றால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். மிச்சமிருந்தால் இறுக மூடின டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், அங்கே ஒரு வாரம் போல நிற்கும். இதில் வேறு ஒரு பிரச்சினை, வீட்டில் சம்மதிக்க வேண்டும். சைவ வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம், தயிருக்குப் பக்கத்தில் மாட்டுத்தோல் பசையை வைக்க யார் விடுவார்கள், நியாயம்தான். பட்டறைக்கென்று ஒரு பழைய சின்ன ஃபிரிட்ஜ் வாங்கிப்போடுவது சண்டையைவிட மலிவு. ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி ஃபிரீஸரில் போட்டுக்கொண்டு, வேண்டும்போது ஒரு கட்டியை எடுத்துச் சூடாக்குவதுதான் இதில் எனக்குப் பிடித்த வழி. முழுப் பசையையும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டி வராது.

ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால் பூஞ்சை கொஞ்சம் தள்ளிப்போகும். கிராம்புக்கு நாம் அலைய வேண்டியதில்லை, நம்ம மாவட்டத்து மாறாமலையில் விளைகிறது, 2021ல் புவிசார் குறியீடும் வாங்கின சரக்கு. ஆனால் துளி போதும், எண்ணெய் கூடினால் பிடிப்பு குறையும்.

தண்ணீர் மாதிரி ஓடுகிறது, எவ்வளவு நேரம் வைத்தாலும் பிசுபிசுப்பு ஏறவில்லை

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று தண்ணீர் கூடுதல், இன்னொன்று பசை செத்துப்போச்சு. கொதிக்க விட்டதாலோ, நாள்கணக்காக அடுப்பிலேயே வைத்ததாலோ, ஊசினதாலோ அதன் நீண்ட புரதச் சங்கிலிகள் அறுந்துபோகும். அறுந்தது மறுபடி சேராது.

எது என்று பார்க்க ஒரு கரண்டி பசையை ஆற வைத்து உறைகிறதா பார் என்பார்கள். குளிர் நாட்டில் மேஜையில் வைத்தாலே தெரிந்துவிடும். இங்கே அறையே 33, 34 டிகிரியில் கிடக்கும்போது நல்ல பசைகூட உறைந்தும் உறையாமலும்தான் நிற்கும், அதைப் பார்த்துவிட்டு நல்ல சரக்கைக் கொட்டிவிடக் கூடாது. கரண்டியை ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள், அல்லது மண்பானைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். விரலால் அமுக்கினால் திரும்ப எழும்புகிற கட்டியாக உறைந்தால் பசைக்கு உயிர் இருக்கிறது, தண்ணீர்தான் அதிகம். மூடியைத் திறந்துவைத்து 60 டிகிரியிலேயே கொஞ்ச நேரம் வற்ற விட்டால் சரியாகும். குளிர வைத்தும் கொழகொழவென்றே கிடந்தால் அது போய்விட்டது, புதிதாக ஊற வையுங்கள்.

பசையின் வலுவை அளக்க உலகம் முழுக்க வைத்திருக்கிற முறையும் கிட்டத்தட்ட இந்தக் கரண்டிச் சோதனைதான். ஆஸ்கர் புளூம் என்ற அமெரிக்கர் 1925ல் காப்புரிமை வாங்கின கருவி அது. நூற்றுக்கு 6.67 பங்கு பசை கலந்த கரைசலை 10 டிகிரியில் உறைய வைத்து, அரை அங்குல விட்டமுள்ள ஒரு தண்டை 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க எத்தனை கிராம் எடை வேண்டும் என்று பார்ப்பார்கள். பொட்டலத்தில் 192, 251 என்று எண் இருந்தால் அதுதான். மரவேலைக்கு 192 பக்கம் இருப்பது கைக்கு அடங்கும். எண் கூடக்கூடத் தண்ணீர் அதிகம் கேட்கும், சீக்கிரமும் உறையும். நம்ம கோடையில் மட்டும் 251 போட்டால் கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பிடிக்கும், அது இங்கத்திய வசதி. எலும்பிலிருந்து எடுத்தது தோல் பசையைவிட வலு குறைவு, நிறமும் அடர்த்தி. கடையில் வெறும் வஜ்ஜிரம் என்று கொடுத்தால் எதுவென்று கேட்டு வாங்குங்கள்.

தடவி முடிப்பதற்குள் உறைந்துவிடுகிறது

நம்ம பக்கம் அபூர்வம், ஆனால் வரும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், கணவாய்க் காற்று திறந்த வாசல் வழியாக அடித்தால் பசை மேலே ஆடை கட்டிவிடும். முதலில் வாசலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். மலையடிவாரப் பக்கம், குலசேகரம், பேச்சிப்பாறை மாதிரி இடங்களில் கார்த்திகை மார்கழிக் காலையில் மரம் குளிர்ந்து கிடக்கும், அதுவும் ஒரு காரணம். மரத்தை வெயிலில் பத்து நிமிடம் காட்டி எடுத்தாலோ, ஹேர் டிரையர் காட்டினாலோ போதும். கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், அதற்கு மேல் சூடு வேண்டாம்.

யூரியா கலந்தால் பசை இளகி நேரம் கிடைக்கும், உப்பும் அதையே செய்யும். உலர்ந்த பசை பத்துப் பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். உப்பை நான் கைகாட்ட மாட்டேன். குளச்சல், முட்டம் மாதிரி கடலோர வீடுகளில் ஏற்கெனவே காற்றில் ஈரம் நிற்கிறது, உப்பு அதை இழுத்து இணைப்புக்குள் வைக்கும், பக்கத்தில் ஆணி இருந்தால் அதையும் துருவாக்கும். பெரிய சாமானாக இருந்து நிஜமாகவே நேரம் போதாதென்றால் யூரியா. இல்லையென்றால் ஒரே நேரத்தில் நான்கு காலையும் ஒட்டுகிற ஆசையை விட்டுவிட்டு, இரண்டிரண்டாகச் செய்யுங்கள்.

காய்ந்த பிறகு இணைப்பு விட்டுப்போகிறது

இதுதான் பெரிய வழக்கு. விட்டுப்போன முகத்தைத் துடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள், அப்படியே எடுத்து ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று அந்த முகத்திலேயே எழுதியிருக்கும்.

இரண்டு பக்கமும் பளபளவென்று பசை, தொட்டால் வழுவழுப்பு: இரண்டும் சேருவதற்கு முன்பே பசை உறைந்துவிட்டது. உறைந்ததும் உறைந்ததும் ஒட்டாது. சூட்டையும் காற்றையும் பாருங்கள், மரத்தை வெதுவெதுப்பாக்குங்கள், தடவினவுடனே சேருங்கள்.

ஒரு பக்கம் தடிமனாகப் பசை, மறுபக்கம் வெறும் மரம்: வெறுமையாக இருக்கிற பக்கம்தான் குற்றவாளி. தேக்கிலும் ஈட்டியிலும் இயல்பாகவே எண்ணெய் இருக்கும். இழைத்து இரண்டு நாள் கிடந்த முகத்தில் அது மேலே வந்து நிற்கும். ஒட்டுகிற அன்றைக்கே லேசாக ஒரு சீவல் எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் ஒட்டுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நம்ம ஊரில் செல்லரிக்காமல் இருக்க மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுகிற பழக்கம் உண்டு, அலமாரிக்குப் பின்பலகை, அடிச்சட்டம் எல்லாவற்றிலும் யாராவது ஒரு காலத்தில் அடித்திருப்பார்கள். அது குடித்த மரத்தில் வஜ்ஜிரமும் நிற்காது, வேறு பசையும் சந்தேகம்தான். இழைப்புளி போட்டு நல்ல மரம் தெரிகிறவரை இறங்குங்கள், இறங்க முடியாத இடமென்றால் மர ஆணி அடிப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டு பக்கமும் பசையே காணோம், வறண்டு கிடக்கிறது: மரம் குடித்துவிட்டது. பெரும்பாலும் குறுக்கு வெட்டு முகத்தில் நடக்கும். அங்கே முதலில் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு இளக்கின பசையை ஒரு கை பூசி, காய விட்டு, அதற்கு மேல் சரியான பசையைத் தடவி ஒட்ட வேண்டும். கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கிற கருவி) போட்டு இறுக்கு இறுக்கென்று இறுக்கினாலும் இதே கதிதான், உள்ளே இருந்ததெல்லாம் ஓரத்தில் பிதுங்கி வெளியே நிற்கும்.

தடித்த பசை, அதில் நுணுக்கமாக வலைவலையாக வெடிப்பு: துளை பெரிது, அதற்குள் போகிற நாக்கு சின்னது. வஜ்ஜிரம் இடைவெளியை நிரப்புகிற பசை இல்லை, காய்ந்தால் சுருங்கும். நாக்கின் இரண்டு பக்கமும் அதே மரத்தில் மெல்லிய சீவலை ஒட்டித் தடிமனாக்கி, கையால் அழுத்தினால் இறுக்கமாகப் போகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் சிற்பத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல், உத்திரமும் கழிக்கோலும் ஒன்றோடொன்று பூட்டியிருக்கிற இடங்களையும் அண்ணாந்து பாருங்கள். மரத்தை மரம் பிடிக்க வேண்டும், பசை அதற்குப் பிறகுதான்.

மரநாரே பிய்ந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது: பசையில் குறையே இல்லை, மரம்தான் தோற்றது. சுமையையோ மரத்தையோ பாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் விட்டுப்போகிறதென்றால், எத்தனை மணி நேரத்தில் கிளாம்பை எடுத்தீர்கள்? உறைந்தவுடன் கையில் பிடித்தமாதிரி இருக்கும், அதை நம்பக் கூடாது. தண்ணீர் முழுக்க வெளியேறினால்தான் வலு. கோடையில் ஒரு நாள், அடைமழையில் இரண்டு நாள். கிளாம்ப் இல்லாத வீட்டில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் ஒரு கம்பைக் கொடுத்து முறுக்குகிற பழைய முறையே நாற்காலிக் கால்களுக்குப் போதும், நம்ம ஊரில் கயிற்றுக்கா பஞ்சம். மரத்தில் கயிற்றுத் தடம் பதியாமல் இருக்கத் துணி வைத்துக் கட்டுங்கள்.

பலகையோடு பலகை நெடுக ஒட்டும்போது பல நேரம் கயிறும் வேண்டாம். இரண்டு விளிம்பையும் வெளிச்சம் தெரியாமல் இழைத்து, பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். நான்கைந்து தேய்ப்பில் பசை பிதுங்கி, பலகை தானாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். கோடைப் பகலில் இந்தப் பிடிப்பு சீக்கிரம் வராது, விடிகாலையில் செய்யுங்கள்.

ஒட்டின இடத்தைச் சுற்றிக் கருப்பாகக் கறை

இரும்பு. துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கருக்கும், வேங்கையில் நன்றாகவே தெரியும். பசை டப்பா துருப்பிடித்ததா, தூரிகையின் தகட்டுப் பட்டை துருவா என்று பாருங்கள். பசை வைப்பதற்கு எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொண்டால் பிரச்சினையே வராது. வந்த கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவினால் வெளுக்கும். அது விஷம், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கண்ணாடிக் குப்பியில் மட்டும் மிச்சப் பசையைக் காய விடாதீர்கள். காயும்போது சுருங்குகிற வேகத்தில் கண்ணாடியின் மேல்தோலைச் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பூ விழுந்த மாதிரி ஜன்னல் கண்ணாடி செய்வதற்கே இந்த வித்தையைப் பயன்படுத்துகிறார்கள்.

வெனீர் (மேலே ஒட்டின மெல்லிய மரத்தகடு) உப்பி நிற்கிறது, தட்டினால் பொள்ளலாகச் சத்தம்

வஜ்ஜிரத்தின் அருமை தெரிவது இங்கேதான், பிரிக்காமலே சரிசெய்யலாம். ஈரத்துணியை அதன் மேல் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். உள்ளே இருக்கிற பழைய பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். உடனே மரக்கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தள்ளி, மேலே காகிதம் விரித்து, கனமாக ஏதாவது வைத்து மறுநாள் வரை விடுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் உள்ளே பசை பொடியாகிவிட்டது. மரநார் போகிற திசையில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் புதுப் பசையை உள்ளே செலுத்தி அதையே திரும்பச் செய்யுங்கள். மேலே பாலிஷ் வெளுத்துப்போகும், அது எதிர்பார்த்ததுதான், அரக்குப் பாலிஷை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய இணைப்பு பிரிய மறுக்கிறது

ஆடுகிற நாற்காலியில் மூன்று கால் கையோடு வந்துவிடும், நாலாவது அசையாது. கொட்டாப்புளியால் ஓங்கிப் போடுகிறவர்கள் துளையைப் பிளக்கிறார்கள். இரண்டு வழி உண்டு. சூடான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் சேர்த்து, சிரிஞ்சால் இடுக்கில் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து அசைத்துப் பாருங்கள், மறுபடி விடுங்கள், மறுபடி அசையுங்கள். பொறுமைதான் கருவி. இல்லையென்றால் ஸ்பிரிட் விடுங்கள், அது பசையில் மிஞ்சியிருக்கிற ஈரத்தை உறிஞ்சிச் சில்லாக்கும், லேசாகத் தட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். ஆனால் ஸ்பிரிட் அரக்குப் பாலிஷைக் கரைத்துவிடும், வழிந்தால் அங்கே தடம் விழும், அதனால் பாலிஷ் போட்ட முகத்தில் வெந்நீர் முறையே மேல். எதற்கும் முன்னால் டார்ச் அடித்து, யாராவது ரகசியமாக ஓர் ஆணி இறக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் அந்த நாலாவது கால் அசையாததற்கு அதுதான் காரணம்.

பழைய இடத்தில் புது வஜ்ஜிரம் பிடிக்கவில்லை

அடியில் இருப்பது என்ன பசை என்று பாருங்கள். பழைய வஜ்ஜிரத்தின் மேல் புது வஜ்ஜிரம் தாராளமாகப் பிடிக்கும், சூடு பட்டதும் பழையதும் இளகி ஒன்றாகிவிடும். உதிர்கிறதை மட்டும் வெந்நீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து எடுத்தால் போதும். ஆனால் நடுவில் யாராவது ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதன் மேல் வஜ்ஜிரமும் நிற்காது, இன்னொரு தடவை வெள்ளைப் பசை போட்டாலும் முதல் தடவை மாதிரி நிற்காது. ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள்: பிசுபிசுத்துக் கையில் ஒட்டினால் வஜ்ஜிரம், வெளுத்து ரப்பர் மாதிரி உரிந்தால் வெள்ளைப் பசை. சூடான வினிகரில் ஊற விட்டு, உளியால் மெதுவாகச் சுரண்டி, மரம் தெரிகிறவரை எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், பழைய சாமான் பழுதுபார்ப்பில் கூலியில் பாதி இதற்கே போகிறது.

அடுத்து வருகிறவனும் பிரிக்க வேண்டி வரும் என்று நினைத்துத்தான் நான் நாற்காலி, வயலின், ஆர்மோனியம் இதற்கெல்லாம் வஜ்ஜிரத்தை விடுவதில்லை. புது அலமாரி செய்கிறவர் வெள்ளைப் பசை போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மழைக்காலத்தில் இளகுகிறது, பூஞ்சை பூக்கிறது

ஐப்பசியில் சுவர் வேர்க்கிற வீட்டில், சுவரோடு ஒட்டி வைத்த அலமாரிக்கு இது வரும். பசை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சாமானைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், காலுக்கடியில் கட்டை கொடுங்கள், உள்ளே ஒரு சின்ன குண்டு பல்பை எரிய விட்டால் (துணி, காகிதம் பக்கத்தில் இல்லாமல்) ஈரம் விலகும். பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டிவிட்டு, ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். கரப்பானும் எலியும் ஒட்டின ஓரத்தைக் கொறிக்கிறது என்றால் ஆச்சரியப்படாதீர்கள், அவற்றுக்கு இது சாப்பாடு. பிதுங்கின பசையை அன்றைக்கே எடுத்துவிட்டால் வரவு குறையும். ஒட்டி ஒரு மணி நேரத்தில் ரப்பர் பதத்தில் இருக்கும்போது உளி முனையால் உரித்தால் நாடா நாடாவாக வந்துவிடும், காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கை ஓய வேண்டாம்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. பூட்டின காரை வெயிலில் நிறுத்தி உள்ளே வயலினை விட்டுவிட்டுச் சர்ச் கொயருக்குள் போய் வந்தால் மேல்பலகை ஓரம் வாயைத் திறந்திருக்கும். வயலின்காரர்கள் மேல்பலகைக்கு வேண்டுமென்றே இளக்கின பசை போடுவார்கள், பலகை வெடிப்பதைவிட இணைப்பு விட்டுக்கொடுக்கட்டும் என்று. அது கோளாறு இல்லை, வந்த இடத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான பசையைச் செலுத்தி மறுநாள் வரை கட்டி வைத்தால் முடிந்தது.

வாசல் கதவு, ஜன்னல் சட்டம், குளியலறைப் பலகை, மழை சாய்த்து அடிக்கிற திண்ணைப் பெஞ்சு: இவற்றில் எதிலாவது வஜ்ஜிரம் விட்டுப்போனால் கோளாறு தேட வேண்டாம், அங்கே அது போடவே கூடாது.

செத்த பசையை என்ன செய்வது

கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் உறைந்து அடைக்கும், பிறகு பிளம்பருக்குத் தனிச் செலவு. இளஞ்சூட்டில் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கித் தென்னை மூட்டில் ஊற்றலாம், எல்லாம் தோலும் எலும்பும்தானே, மரம் எடுத்துக்கொள்ளும். ஊற்றின இடத்தில் ஒரு மண்வெட்டி மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் தெருநாய்கள் மோப்பம் பிடித்து வந்து விடிவதற்குள் குழி பறித்துப் போட்டிருக்கும்.